நான்கு மணி நேரக் கடல்

கோலாலம்பூருக்கும் மெட்ராஸுக்கும் இடையே ஆகாயத்தில் எத்தனை மைல் என்று புதுவயலில் அந்தக் காலத்தில் யாரும் கேட்டதில்லை. கப்பலில் ஏழு நாள் என்று எல்லாருக்கும் தெரியும், அது போதுமானதாக இருந்தது. எனக்கு மட்டும் மைல் கணக்கு தேவைப்பட்டது. என் தங்கை நிறைமாதத்தோடு அந்த வழியாக விமானத்தில் வருவதாக இருந்தாள். அவளை அப்படி வரச்சொன்னவள் நான்தான்.

எங்கள் அம்மா போனபோது எனக்குப் பதினேழு வயது, அவளுக்குப் பத்து. அதற்குப் பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டது, சடங்கு வைத்தது, மாப்பிள்ளை பார்த்தது எல்லாம் நான். பெற்றவள் இருந்து செய்தால் இரண்டு குறை வைத்தாலும் ஊர் கண்டுகொள்ளாது. அக்கா செய்கிறாள் என்றால் பூதக்கண்ணாடியோடு வந்து பார்க்கும். தாயில்லாப் பிள்ளை, அதனால்தான் இப்படி என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது என்பதில் எனக்கு ஒரு வெறி இருந்தது. வெறி என்றுதான் இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அதற்குப் பொறுப்பு என்று பெயர் வைத்திருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. தங்கையின் புருஷனுக்குக் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீஸில் வேலை. கல்யாணம் முடிந்த மறு வருஷமே கர்ப்பம் என்று கடிதம் வந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். தாய்வீடு என்றால் எங்கள் வீடு, அதாவது என் புருஷனும் நானும் இருந்த மில் பக்கத்து ஓட்டுவீடு. ஏழாம் மாதத்தில் கப்பல் ஏற்றிவிடுகிறேன் என்று மாப்பிள்ளை எழுதினார். நான் காலண்டரை எடுத்து நாளை எண்ணினேன். கப்பல் கிளம்பும்போது அவளுக்கு ஏழாம் மாதத்தில் நான்கு நாள் மிச்சம். நாகப்பட்டினத்தில் இறங்கும்போது எட்டாம் மாதம் பிறந்து மூன்று நாள் ஆகியிருக்கும். எங்கள் பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சியை ஒற்றைப்படை மாதத்தில்தான் அழைத்து வருவோம். எட்டாம் மாதத்தில் வாசப்படி தாண்டவிட மாட்டோம். ஏழில் ஏறி எட்டில் இறங்குவது எந்த ஊர் வழக்கம் என்று நான் சூடாக ஒரு கடிதம் எழுதினேன். எட்டு கழியட்டும், ஒன்பது பிறந்ததும் விமானத்தில் அனுப்புங்கள், நாலு மணி நேரம்தானாமே என்றும் எழுதினேன். நாலு மணி நேரம் என்பதைப் பேப்பரில் ஒரு விளம்பரத்தில் பார்த்திருந்தேன். அதைத் தாண்டி விமானத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

மாப்பிள்ளை மறுபேச்சுப் பேசவில்லை. டிக்கெட் எடுத்த பிறகுதான் அடுத்த கடிதம் வந்தது. மாதம் ஏறிய பெண்களை விமானத்தில் ஏற்ற மாட்டார்களாம், வழியில் வலி கண்டால் வைத்தியம் பார்க்க ஆள் கிடையாதாம். ஆகவே தெரிந்த டாக்டர் ஒருவரிடம் ஏழு மாதம் என்று எழுதி வாங்கியிருக்கிறார். அவள் மெலிந்த உடம்பு, யாருக்கும் சந்தேகம் வராது, அவருக்கு லீவு கிடைக்காததால் தனியாகத்தான் வருகிறாள் என்று எழுதியிருந்தார். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மறுபடி நாளை எண்ணினேன். இனிமேல் வேண்டாம் என்று எழுதினால் கடிதம் போய்ச் சேர்வதற்குள் அவள் கிளம்பியிருப்பாள். தந்தி அடிக்கலாம்தான். தந்தி அடித்தால் என் கணக்கு தப்பு என்று நானே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆகும். அடிக்கவில்லை.

அதன் பிறகு பத்து நாள் நான் வேறு வேலை பார்க்கவில்லை. அடுத்த வீட்டுப் பெண் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் அட்லஸை வாங்கி வைத்துக்கொண்டேன். தையல் நூலின் ஒரு முனையைக் கோலாலம்பூரில் வைத்து இழுத்து மெட்ராஸில் பிடித்து, அதைப் படத்தின் கீழே இருக்கும் அளவுகோட்டில் வைத்துப் பார்த்தேன். ஆயிரத்து அறுநூறு மைலுக்குக் கொஞ்சம் கூட வந்தது. எங்கள் ஊரிலிருந்து மெட்ராஸ் இருநூற்றைம்பது மைல் சொச்சம். அதற்கே ரயில் ஒரு ராத்திரி முழுக்க ஓடுகிறது. ஆயிரத்து அறுநூறை நாலு மணி நேரத்தில் கடக்கிறது என்றால் அது என்ன வேகம்? அந்த வேகத்தில் வயிறு என்னாகும்? நூலின் பெரும்பகுதி நீலத்தின் மேல் கிடந்தது. இறங்கி நிற்க ஒரு திட்டு உண்டா என்று விளக்கைப் பக்கத்தில் வைத்துத் தேடினேன். நிக்கோபார் என்று நாலைந்து புள்ளி இருந்தது, நூலுக்குக் கொஞ்சம் வடக்கே. அங்கே மருத்துவச்சி இருப்பாளா என்று யோசித்தேன். பைத்தியக்காரி என்று சொல்லிக்கொண்டே யோசித்தேன்.

என் புருஷன் புதுவயலில் ஓர் அரிசி மில்லில் குமாஸ்தா. அவர் இரண்டு நாள் முன்னதாகவே மெட்ராஸ் போய்விட்டார். மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் அவளை அழைத்துக்கொண்டு, அங்கிருந்து மில்லுக்கு டிரங்கால் போட்டு எனக்குச் சொல்வது, ராத்திரி ராமேஸ்வரம் வண்டியில் ஏற்றி மறுநாள் காலை காரைக்குடியில் இறக்குவது என்று ஏற்பாடு. கிளம்பும்போது அவரிடம் ஒன்றுக்கு மூன்று முறை சொன்னேன். "எங்குட்டும் தங்கக் கூடாது. யாரு வீட்டுக்கும் கூட்டிப் போகாதீக. நேரா இங்க வந்து என் கையில விடணும்."

"சரிங்கிறேன்ல" என்றார்.

விமானம் காலை பதினோரு மணிக்குக் கிளம்புகிறது என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். பதினொன்றும் நாலும் பதினைந்து, அதாவது மூன்று மணி. பெட்டியைச் சோதித்து வெளியே விட ஒரு மணி நேரம். நாலு மணிக்கு முன்னால் போன் வராது. இது நான் போட்ட கணக்கு.

அன்று காலை எழுந்ததிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதினோரு மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து வானத்தைப் பார்த்தேன், ஏதோ அது புதுவயலுக்கு மேலே போகப்போகிற மாதிரி. பன்னிரண்டரைக்கு மேல் வீட்டில் இருக்க முடியவில்லை. மில் ஆபீஸுக்குப் போய்விட்டேன். மில் முதலாளி ஒரு ராவுத்தர், வயதானவர், இளவட்டத்தில் பினாங்கில் கடை வைத்திருந்தவர். "வாங்க தாயி. இங்கனயே உக்காருங்க. அல்லா கொண்டுவந்து சேப்பான்" என்று தன் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போடச்சொன்னார்.

ஒரு மணிக்கு இயந்திரத்தை நிறுத்தினார்கள். மில் ஒன்றிலிருந்து மூன்று வரை நிற்கும். முதலாளி சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் வீட்டுக்குப் போனார். எடைபோடுகிறவர் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு லாரி நிழலுக்குப் போனார். களத்தில் நெல் காயவைக்கிற பெண்கள்கூட மரத்தடியில் படுத்துவிட்டார்கள். அவித்த நெல்லின் வாடையும் நானும் அந்தக் கறுப்புப் போனும்தான் ஆபீஸில். நான் மனதுக்குள் நூலைப் பிடித்துக்கொண்டு போனேன். இப்போது மலாயாக் கரை தாண்டியிருக்கும். இப்போது பாதி. இப்போது சுற்றிலும் தண்ணீர்தான். குழந்தை புரளுமா, அடங்கிக் கிடக்குமா? டாக்டர் கடிதத்தைப் படித்துவிட்டு யாராவது அவள் வயிற்றை உற்றுப் பார்த்திருப்பார்களா?

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு மணி. போன் அடித்தது.

என் கணக்குப்படி விமானம் அப்போது கடலுக்கு மேலே இருக்கிறது, தரையைத் தொட இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி. அது வருவதற்கு முன்னால் என் புருஷன் போன் போடுகிறார் என்றால் எதற்காகப் போடுவார்? நடுக்கடலில் இருக்கிற விமானத்தைப் பற்றி முன்கூட்டியே வருகிற சேதி ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். ஈரல்குலை நடுங்குவது என்று சும்மா பேச்சுக்குச் சொல்கிறோமே, அது உண்மையிலேயே உடம்பில் ஓர் இடத்தில் நடக்கிறது.

அடித்து அடித்து ஓய்ந்தது. நான் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. இந்தத் தடவை எழுந்துபோய் அதன் மேல் கையை வைத்தேன். மணி என் உள்ளங்கையில் அதிர்ந்தது. தூக்கினால் தெரிந்துவிடும். தூக்காதவரைக்கும் அவள் உயிரோடு இருக்கிறாள். இப்படித்தான் நினைத்தேன், வார்த்தைக்கு வார்த்தை. கையை எடுத்துவிட்டேன். அதுவும் ஓய்ந்துபோனது.

எடைபோடுகிறவர் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "என்னக்கா, போனு கீனு வந்துச்சா?"

"இல்ல" என்றேன்.

மூன்றுக்கு மில் ஓடத் தொடங்கியது. நாலு ஆனது, ஐந்து ஆனது. போன் வரவில்லை. வந்துதான் போய்விட்டதே, இனி எதற்கு வரும் என்று எனக்குள் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தது. முதலாளி வந்து, லைன் கிடைத்திருக்காது என்று இரண்டு தடவை ஆறுதல் சொன்னார். நான் தலையாட்டினேன். என் தங்கை கடலில் கிடக்கிறாள், அது எனக்கு மட்டும் தெரியும், அதை மறைத்துக்கொண்டு இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன் என்று நம்பினேன். அழுகை வரவில்லை. அழுதால் ஏன் என்று கேட்பார்களே.

ஆறு மணிக்குத் தந்திக்காரர் சைக்கிளை மில் வாசலில் சாய்த்தார். நான் கையை நீட்டவில்லை. முதலாளிதான் வாங்கிப் பிரித்தார். "பத்திரமா வந்துட்டாக தாயி. ராத்திரி வண்டியில பொறப்படுறாகளாம். பாருங்க" என்று காகிதத்தை என் பக்கம் திருப்பினார். அது இங்கிலீஷில் இருந்தது. மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். கொப்புடையம்மனுக்கு என்னவெல்லாமோ வேண்டிக்கொண்டேன், பாதி இப்போது நினைவில்லை.

"எத்தனை மணிக்கு எறங்குனாகளாம்?" என்று கேட்டேன்.

"அது போடல. மதியம் ஒரு மணிக்கு எறங்கிருக்கும். அங்குட்டு பதினொண்ணுன்னா நமக்கு ஒம்போது தாயி. ரெண்டு மணி நேரம் அவுக முந்தி. கப்பல்ல வாரப்ப தெனம் கொஞ்சங் கொஞ்சமாக் கடிகாரத்தத் திருப்பிக்கிட்டே வருவோம். ஒங்ககிட்டச் சொல்லணும்னு தோணாமப் போச்சு."

ஏழு நாள் கப்பலில் இரண்டு மணி நேரத்தை யார் கண்டார்கள்? நாலு மணி நேரப் பயணத்தில் அது பாதி. இரண்டு மணிக்கு வந்த போன் அவள் இறங்கிவிட்ட சேதிதான் என்று எனக்கு அப்போது விளங்கியது. என் கோழைத்தனத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. நல்ல சேதியை நாலு மணி நேரம் தள்ளிக் கேட்டேன், அவ்வளவுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். நன்றாகத் தூங்கவும் செய்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை முதலாளி தன் காரைக் கொடுத்தார். ஆரத்தி கரைத்துத் தட்டில் வைத்துவிட்டு, காரைக்குடி ஸ்டேஷனில் வண்டி வருவதற்கு அரைமணி முன்னாலேயே நின்றேன். வண்டி வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், மூட்டைகள் இறங்கின. முன்னாலிருந்து பின்னால்வரை ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு ஓடினேன். அவர்கள் இல்லை. திரும்பவும் ஓடினேன். எந்தப் பெட்டியிலும் இல்லை. தந்தி பொய்யா? முதலாளி எனக்காக வேண்டி மாற்றிப் படித்தாரா? நேற்று முழுக்க நான் பயந்தது சரிதானா?

கூடையோடு இறங்கிய ஒரு ஆச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார். "யாரத் தேடுறீக? பிள்ளைத்தாய்ச்சிப் பொண்ணையா? செவப்புச் சேலை கட்டி, கூட ஒரு ஆளு?"

"ஆமா, ஆமா. எங்க?"

"புதுக்கோட்டையில எறக்கிட்டாகம்மா. எங்க பெட்டியிலதான் வந்துச்சு. பாவம், வாயத் தொறக்காம வந்துச்சு. திருச்சி தாண்டவும்தான் எங்களுக்கே தெரிஞ்சுச்சு. சீலையெல்லாம் ரத்தம். கையப் பிடிச்சுக்கிட்டு, காரைக்குடி வந்துருச்சா, வந்துருச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. வெரசாப் போங்க."

காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை ஒரு மணி நேரம். நான் அட்லஸில் அளக்காத தூரம் அது ஒன்றுதான். விமானத்தை அளந்தேன், கடலை அளந்தேன். மெட்ராஸில் கால் வைத்துவிட்டால் வீட்டுக்கு வந்த மாதிரி என்று நினைத்தேன். திருமயம் தாண்டும்போது டிரைவரிடம் இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்து, "ரோட்டுல ஆடு நிக்கிதுக்கா" என்றார். ஆடுகள் நிதானமாகக் கடந்தன. சீலையெல்லாம் ரத்தம் என்ற சொல் என் காதிலேயே நின்றது. போனில் கைவைத்து எடுத்த அந்த உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரிப் படியில் என் புருஷன் உட்கார்ந்திருந்தார். சட்டையில் கறை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்று முடியாமல் கையை மட்டும் தூக்கினார். "இருக்கு. ரெண்டு உசுரும் இருக்கு" என்றார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நானும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். விடியற்காலையில் பெண்குழந்தை பிறந்திருக்கிறது. தங்கைக்கு ரத்தம் நிற்கவில்லை, பிழைப்பது கஷ்டம் என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்களாம், அப்புறம் நின்றிருக்கிறது.

அவர் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார். "ஏர்போர்ட்டுல பாத்தப்பவே பிள்ளைக்கு மொகம் சரியில்ல. ஒதட்டக் கடிச்சுக்கிட்டு நிக்கிது. கேட்டா அலுப்புங்குது. நான் ஆம்பள, எனக்கு என்ன தெரியும்? மெட்ராஸ்லயே ஆஸ்பத்திரியில சேத்துரவான்னு ஒன்னையக் கேக்கத்தான் ரெண்டு மணிக்குப் போன் போட்டேன். ரெண்டு தடவ மணி அடிக்குது, எடுக்க ஆளில்லன்னுட்டாக. அதுக்கு மேல லைனும் கெடைக்கல. நீ வேற எங்குட்டும் தங்கக் கூடாதுன்னு சொல்லிவிட்டிருந்த."

"மில்லு ஓடிக்கிட்டு இருந்துச்சு. சத்தத்துல கேக்கல" என்றேன்.

இரண்டு மணிக்கு மில் ஓடாது என்பது பதினைந்து வருஷமாக அங்கே வேலை பார்க்கிறவருக்குத் தெரியாதா? என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அன்றைக்கும் கேட்கவில்லை, அவர் போகிறவரைக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்றும் எனக்கு உறுதியில்லை.

உள்ளே என் தங்கை சுவரோரக் கட்டிலில் கிடந்தாள். உதட்டில் ரத்தமே இல்லை. கீழுதடு கடித்துக் கடித்துப் புண்ணாகியிருந்தது. பக்கத்தில் துணியில் சுற்றிய குழந்தை. நான் போய் அவள் நெற்றியில் கையை வைத்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். முகம் சுருங்கிப்போனது.

"அக்கா, கோவிச்சுக்கிறாத. புதுக்கோட்டை வரைக்கும் தாங்கிட்டேன். இன்னும் ஒரு மணி நேரந்தான் இருந்துச்சு. முடியலக்கா."

"எப்ப இருந்துடி வலிச்சுச்சு?"

"பிளேன் ஏறிக் கொஞ்ச நேரத்துலயே."

அப்படியென்றால் ஆயிரத்து அறுநூறு மைலும், மீனம்பாக்கமும், எழும்பூரும், ராத்திரி முழுக்க ஓடிய ரயிலும் அந்த வலியோடுதான். "அடிப்பாவி, வாயத் தொறந்து சொல்ல வேணாமா? நடுக்கடல்ல, அந்தப் பிளேனுக்குள்ள, ஒனக்குப் பயமா இல்லையா?"

"பிளேனுக்கு என்னக்கா பயம்? எல்லாருந்தான் அதுல வந்தாக" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு மெல்லச் சொன்னாள். "ஒனக்குத்தான் பயந்தேன்."

அவள் நெற்றியில் வைத்த கையை எடுக்கவும் எனக்குத் தெரியவில்லை, அங்கேயே வைத்திருக்கவும் தெரியவில்லை.